ஒஸ்லோ – கொப்பன்ஹேகன் ஒரு மணி பத்து நிமிடம்: சல்லிக் கரையில் போட்ட கணக்கு

கடந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வீட்டில் சாப்பிட உட்கார்ந்த நேரம் தொலைபேசி அடித்தது. அழைத்தவர் சல்லியில் எனக்கு இருபத்தைந்து வருடங்களாகத் தெரிந்த சம்மாட்டியார்.

"நானா, பின்னேரம் ஒருக்காக் கரைக்கு வந்திட்டுப் போங்கோ. மகன் நோர்வேயில இருந்து கதைக்கிறான். ஏதோ ஏற்றுமதி எண்டு சொல்லுறான். எனக்கு விளங்கேல்ல. நீங்க கேட்டாச் சரி" என்றார்.

சல்லியைத் தெரியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளிப் பாதையில் வடக்கே போனால் உப்புவெளிக்கு அப்பால், சாம்பல்தீவை ஒட்டிக் கடற்கரைப் பக்கம் இருக்கும் மீனவக் கிராமம் அது. முத்துமாரியம்மன் கோயிலால் வெளியூர்களிலும் அறியப்பட்ட ஊர். 2004 டிசம்பர் 26 இல் வந்த கடல் அந்தக் கரையையும் விட்டு வைக்கவில்லை. அங்கே மீன் பிடிப்பவர்கள் தமிழ்ச் சகோதரர்கள். வாங்கி ஏற்றுகிறவர்களில் என்னைப் போன்ற முஸ்லிம் வியாபாரிகள் பலர். யுத்த காலத்திலும் இந்தக் கொடுக்கல் வாங்கல் நின்று போகவில்லை.

பின்னேரம் போனேன். படகு நிழலில் உட்கார்ந்து தொலைபேசியைக் கையில் தந்தார். திரையில் மகன். ஒஸ்லோவில் பதினைந்து வருடங்களாக இருக்கிறார். "மாமா, எங்கட கரையில வாற அறுக்குளாவும் நண்டும் இங்க கொண்டு வந்தா நல்ல விலை. சாமான் ஒஸ்லோவுக்கு வந்து சேர்ந்தாப் போதும். இங்கயிருந்து கொப்பன்ஹேகன் ஒரு மணி பத்து நிமிசம்தான். ரெண்டு நகரத்திலயும் ஒரே நாளில வித்திடலாம்" என்றார்.

தம்பியின் ஆசை நல்ல ஆசை. ஆனால் அந்த "ஒரு மணி பத்து நிமிசம்" என் காதில் முள்ளாகக் குத்தியது. இப்படி ஒரு கணக்கை நம்பி 2007 இல் நான் சூடுபட்டவன். என்னோடு சேர்ந்து அந்தப் பிள்ளையின் தகப்பனும் சூடுபட்டார். அதை இந்தப் பத்தியில் நான் இதுவரை எழுதியதில்லை. இன்றைக்கு எழுதத்தான் வேண்டும்.

மூன்று வகைத் தூரம்

தூரம் என்று நாம் ஒரே சொல்லால் சொன்னாலும் வியாபாரத்தில் அது மூன்று வகை. கோட்டுத் தூரம், பாதைத் தூரம், நேரத் தூரம்.

கோட்டுத் தூரம் என்பது பூமி உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் வருவது. சம்மாட்டியாரிடம் படகுக்கு வாங்கிய ஜீ.பி.எஸ். கருவி இருக்கிறது. விளையாட்டாகக் கொழும்பு மீன்பிடித் துறைமுகத்தைப் போட்டுப் பார்த்தோம். ஏறத்தாழ 128 கடல் மைல் காட்டியது. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீற்றர். ஆக, சுமார் 237 கிலோமீற்றர்.

அதே பயணம் அம்பேபுஸ்ஸ, குருநாகல், தம்புள்ள, ஹபரணை, கந்தளாய் வழியாக ஏ-6 வீதியில் ஏறக்குறைய 260 கிலோமீற்றர். கோட்டுத் தூரத்தை விடப் பத்தில் ஒரு பங்குதான் கூட. எங்கள் வீதி அவ்வளவு நேரான வீதி என்பது பலருக்குத் தெரியாது. ரயில் பாதை மாஹோ, கல்ஓயா என்று சுற்றுவதால் 290 கிலோமீற்றருக்கும் மேல் ஓடுகிறது. 1927 இல் திருகோணமலைக்கு ரயில் வந்தது. என் வாப்பா காலத்தில் கருவாட்டுச் சிப்பங்கள் அந்த ரயிலில்தான் கொழும்புக்குப் போயின. கடல் வழியாகப் போவதென்றால் மன்னார்ப் பக்கம் ஆதாம் பாலத்து மணல் திட்டுகள் பெரிய கப்பலை விடாது. தெற்கே தேவேந்திரமுனையைச் சுற்ற வேண்டும். அப்போது கோட்டுத் தூரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம்.

இந்த இரண்டு தூரங்களும் வரைபடத்தில் இருக்கின்றன. மூன்றாவதான நேரத் தூரம் எந்த வரைபடத்திலும் இல்லை. வியாபாரி சம்பாதிப்பதும் இழப்பதும் இந்த மூன்றாவதில்தான்.

கிண்ணியாக்காரர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். நகரத்து வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் "பாதை" என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறக் கரையில் வரிசையில் நிற்க வேண்டும். இரவில் ஒரு நோயாளியைக் கொண்டு வருவதென்றால் பட்டவர்களுக்குத்தான் தெரியும். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. நீர் அகலம் ஓர் அங்குலமும் குறையவில்லை. நேரத் தூரம் மட்டும் மணிக் கணக்கிலிருந்து நிமிடக் கணக்குக்கு வந்தது. அக்கரை வியாபாரம் மாறியது அந்த ஒரு மாற்றத்தால்தான்.

விமான நேரம் என்பது எது?

இனித் தம்பியின் ஒரு மணி பத்து நிமிடத்துக்கு வருவோம்.

ஒஸ்லோவும் கொப்பன்ஹேகனும் நகரத்துக்கு நகரம் கோட்டுத் தூரத்தில் சுமார் 480 கிலோமீற்றர். அதாவது திருகோணமலை – கொழும்பு தூரத்தைப் போல இரண்டு மடங்கு. ஆனால் விமானம் நகரத்துக்கு நகரம் பறப்பதில்லை. நிலையத்துக்கு நிலையம்தான் பறக்கிறது. ஒஸ்லோவின் கார்டர்மோன் விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே ஏறக்குறைய 50 கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. கொப்பன்ஹேகனோ தெற்கே. எனவே தெற்கே போக விரும்புகிறவர் முதலில் வடக்கே போக வேண்டும். நிலையத்துக்கு நிலையம் தூரம் 515 கிலோமீற்றரைத் தாண்டுகிறது.

நமக்கு இதற்கு நேர்மாறு. கட்டுநாயக்கா கொழும்புக்கு வடக்கே இருப்பதால் சீனக்குடாவுக்கும் அதற்கும் இடையில் சுமார் 207 கிலோமீற்றர்தான். இரத்மலானையிலிருந்து என்றால் 238. ஒரே ஊருக்குப் போக எந்த நிலையத்தில் ஏறுகிறோம் என்பதிலேயே முப்பது கிலோமீற்றர் வித்தியாசம்.

இன்னொன்று. மணிக்கு 800 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் ஜெட் விமானத்துக்கு 515 கிலோமீற்றர் என்பது நாற்பது நிமிடமும் ஆகாத வேலை. பிறகேன் எழுபது நிமிடம் போடுகிறார்கள்? விமானக் கம்பனிகள் நேரம் கணக்கிடுவது விமானத்தின் சக்கரத்துக்குக் கீழே வைத்த கட்டையை எடுக்கும் நேரம் தொடங்கி, போய்ச் சேர்ந்து மீண்டும் கட்டை வைக்கும் நேரம் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முறைக்குக் காத்திருப்பது, மெதுவாக ஏறுவது, மெதுவாக இறங்குவது எல்லாம் அதற்குள் அடக்கம். முழு வேகத்தில் ஓடுவது நடுவில் கொஞ்ச நேரம்தான். அதனால் தூரம் இரண்டு மடங்கானால் நேரம் இரண்டு மடங்காவதில்லை. தூரம் பாதியானால் நேரம் பாதியாவதும் இல்லை.

அந்தக் கட்டைக்கு முன்னும் பின்னும் உள்ள நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒஸ்லோ நகரிலிருந்து விமான நிலையத்துக்கு விரைவு ரயிலில் இருபது நிமிடம். ஒன்று, ஒன்றரை மணி முன்னதாகப் போய் நிற்க வேண்டும். பறப்பு எழுபது நிமிடம். இறங்கி வெளியே வர அரை மணி. கொப்பன்ஹேகன் நிலையத்திலிருந்து நகரத்துக்கு மெட்ரோவில் கால் மணி. கூட்டினால் மூன்றரை மணிக்கு மேல். காரில் கோட்டன்பர்க், மல்மோ வழியாக 600 கிலோமீற்றர் ஓடினால் ஆறரை ஏழு மணி. கப்பலில் பின்னேரம் ஏறினால் மறுநாள் காலையில்தான் இறங்கலாம். விமானம்தான் வேகம், சந்தேகமில்லை. ஆனால் அந்த வேகம் "ஒரு மணி பத்து நிமிடம்" அல்ல. கைப்பையோடு போகும் ஒரு மனிதருக்கே இந்தக் கணக்கு. மீன் பெட்டிக்கு வேறு கணக்கு. அதற்குப் பிறகு வருகிறேன்.

2007: ஓடியது எட்டு, நின்றது எட்டரை

யுத்தம் கிழக்கில் உச்சத்தில் இருந்த நேரம். கடலுக்குப் போகவே நேரக் கட்டுப்பாடு. சல்லியில் அன்றைக்கு நல்ல அறுக்குளாவும் பாரையும் பட்டிருந்தது. சம்மாட்டியாரிடம் 600 கிலோ எடுத்தேன். மொத்தம் இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம் ரூபா. காசு பிறகு. அந்தக் காலத்தில் எல்லாம் வாய்ப்பேச்சுத்தான். "வித்துப்போட்டுத் தாறன்" என்றேன், "சரி நானா" என்றார்.

பின்னேரம் நாலு மணிக்கு லொறி புறப்பட்டது. வழக்கப்படி எட்டு மணி நேர ஓட்டம். நள்ளிரவுக்குப் புறக்கோட்டை சென்ஜோன்ஸ் மார்க்கெட்டில் இருக்க வேண்டும். அப்போது மீன் மொத்தச் சந்தை அங்கேதான். 2011 இல்தான் பேலியகொடைக்குப் போனது. மொத்தச் சந்தை நள்ளிரவில் சூடு பிடித்து விடியும்போது ஆறிவிடும் என்பது மீன் வியாபாரிகளுக்குத் தெரியும்.

வழியில் ஒரு சோதனைச் சாவடி. எல்லாப் பெட்டியையும் இறக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு ரெஜிபோம் பெட்டியும் திறக்கப்பட்டது. ஐஸைக் கொட்டி, மீனைக் கிளறி, மறுபடி கட்டி ஏற்றினோம். அதற்கு முன்னால் முறை வரும் வரை காத்திருப்பு. பிறகு இன்னொரு இடத்தில் இரவு வீதி மூடல். லொறி சந்தைக்குப் போய்ச் சேரும்போது காலை எட்டரை. பதினாறரை மணி நேரத்தில் லொறி ஓடியது எட்டு மணி; நின்றது எட்டரை மணி.

மீன் நாறிப் போகவில்லை. அதுதான் கவனிக்க வேண்டியது. மீன் விற்கக்கூடிய மீன்தான். ஆனால் ஏலம் முடிந்து பெரிய வாங்குனர்கள் போய்விட்டார்கள். மிச்சம் நின்ற ஓரிருவர் சொன்னதுதான் விலை. எண்பதாயிரம் ரூபாவுக்குப் போனது. என்னைத் தோற்கடித்தது தூரமல்ல, சந்தை மூடிய நேரம்.

இனி நான் வெட்கத்தோடு சொல்ல வேண்டிய பகுதி. ஊருக்குத் திரும்பிச் சம்மாட்டியாரிடம் ஒரு இலட்சத்து இருபதாயிரத்தை மட்டும் நீட்டினேன். "நஷ்டம் ரெண்டு பேருக்கும் பாதி பாதி" என்றேன். என் கையால் நாற்பதாயிரமும் லொறிக் கூலியும் போட்டிருக்கிறேன், அதுவே நியாயம் என்று அன்றைக்கு நினைத்தேன். அவர் காசை எண்ணவில்லை. "மீன் என்ர கரையில நல்லாத்தானே நானா ஏறினது" என்று மட்டும் சொன்னார். அடுத்த கிழமையிலிருந்து அவருடைய மீன் வேறொரு வியாபாரியின் லொறியில் ஏறியது. இரண்டு வருடம் நாங்கள் முகம் பார்த்துப் பேசவில்லை.

2009 இல் யுத்தம் முடிந்து பாதை திறந்த பிறகு ஒருநாள் வாப்பாவிடம் இதைச் சொன்னேன். படிப்பு அதிகம் இல்லாத மனிதர். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மீன் விலை ஏறியிருந்தா அவருக்குப் பாதி லாபம் குடுத்திருப்பியா?" எனக்குப் பதில் இல்லை. "அப்ப வழியில வந்த நஷ்டம் வழியை எடுத்தவனுக்குத்தான். அது அவர்ட ஹக்கு, குடுத்து முடி" என்றார்.

மிச்ச ஒரு இலட்சத்து இருபதாயிரத்தை நாலு தவணையில் கொண்டு போய்க் கொடுத்தேன். நாலாவது தவணை அன்று சம்மாட்டியார் தேநீர் ஊற்றித் தந்தார். இன்றைக்கு அவர் மகனுக்காக என்னைக் கூப்பிட்டது அந்தத் தேநீரால்தான் என்று நினைக்கிறேன்.

வாப்பா சொன்னது பெரிய வர்த்தக உலகத்திலும் உள்ள சட்டம்தான் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். சர்வதேச வர்த்தக சபை 1936 இல் முதன்முதலாக வெளியிட்ட வர்த்தக நிபந்தனைச் சொற்களை இன்றும் உலகம் பாவிக்கிறது. "எப்.ஓ.பி." என்றால் சரக்கு கப்பலில் ஏற்றப்பட்டதும் இழப்பின் பொறுப்பு வாங்குகிறவருக்கு மாறுகிறது. விமானச் சரக்குக்குப் பொருத்தமானது "எப்.சி.ஏ." என்ற சொல். வாங்குகிறவர் குறித்த ஏற்றுநிறுவனத்திடம் சரக்கை ஒப்படைத்த இடத்தில் பொறுப்பு மாறும். தூரத்தை எழுதாத ஒப்பந்தம் தப்பலாம். பொறுப்பு எந்த இடத்தில் கை மாறுகிறது என்பதை எழுதாத ஒப்பந்தம் தப்பாது.

நானும் ஒருமுறை பறந்தேன்

சீனக்குடா விமானத் தளம் பழைய தளம். இரண்டாம் உலக யுத்தத்தில் 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது குண்டு விழுந்த இடங்களில் அதுவும் ஒன்று. யுத்தம் முடிந்த பிறகு விமானப்படையின் ஹெலிடுவர்ஸ் பயணிகளை ஏற்றியது. 2013 இல் சினமன் எயார் சிறிய செஸ்னா விமானங்களோடு சேவையைத் தொடங்கியது. அப்படி ஒரு சிறிய விமானத்தில் நானும் ஒருமுறை கட்டுநாயக்காவுக்குப் போனேன்.

மணிக்கு 300 கிலோமீற்றர் அளவில் பறக்கும் விமானத்துக்கு 207 கிலோமீற்றர் முக்கால் மணிப் பயணம். மேலிருந்து கந்தளாய்க் குளத்தைப் பார்த்து முடிக்கும் முன் இறங்கச் சொன்னது போல இருந்தது. வீட்டிலிருந்து சீனக்குடாவுக்கு அரை மணி, நிலையத்தில் ஒரு மணி, பறப்பு முக்கால் மணி, இறங்கிப் பையை எடுத்துப் புறக்கோட்டை போய்ச் சேர ஒன்றரை மணி. கூட்டிப் பார்த்தேன்: மூன்றே முக்கால் மணி. காரில் போயிருந்தால் ஆறு மணி. மிச்சம் இரண்டே கால் மணி நேரம். டிக்கட்டுக்குக் கொடுத்த காசு அந்த நேரத்துக்குப் பெறுமதியா?

எனக்கு அன்றைக்குப் பெறுமதி இல்லை. ஏனென்றால் எனக்குச் சந்திப்பு மறுநாள்தான். அதே நாள் மத்தியானம் கையெழுத்திட வேண்டிய ஒப்பந்தம் இருந்திருந்தால் இரண்டு மடங்கு கொடுத்தாலும் பெறுமதி. பொருளுக்கும் இதேதான். எட்டு ஒன்பது பேர் ஏறும் விமானத்தில் 600 கிலோ மீன் ஏற்ற முடியாது. ஆகவே நம் மீனுக்கு வானம் கட்டுநாயக்காவில்தான் தொடங்குகிறது. 2022 ஜனவரியில் மத்திய அதிவேகப் பாதையின் மீரிகம – குருநாகல் பகுதி திறந்தது நம் லொறிக்குப் பெரிய உதவி. அதுவும் ஓடும் நேரத்தைத்தான் குறைத்தது. நிற்கும் நேரத்தைக் குறைப்பது நம் கையில்.

தம்பிக்குப் போட்டுக் கொடுத்த கணக்கு

அன்று பின்னேரம் படகு நிழலில் இருந்து ஒரு கொப்பித் தாளில் இரண்டு நிரல் போட்டோம். ஒன்று ஓடும் நேரம். மற்றது நிற்கும் நேரம்.

ஓடும் நேரம் இலகுவாக நிரம்பியது. சல்லியிலிருந்து மேற்குக் கரைக்கு ஏழு மணி. கட்டுநாயக்காவிலிருந்து வளைகுடா நகரமொன்றுக்கு ஐந்து மணி. அங்கிருந்து ஒஸ்லோவுக்கு ஏழு மணி. மொத்தம் பத்தொன்பது.

நிற்கும் நேரம்தான் தாளை நிரப்பியது. மீன் கரைக்கு வந்த பிறகு ஐஸுக்குக் காத்திருப்பு. ஐரோப்பாவுக்குப் போகும் மீன், மீன்பிடித் திணைக்களத்தின் அங்கீகாரம் பெற்ற பதனிடும் நிலையத்தினூடாகத்தான் போக வேண்டும். சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். நோர்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை என்றாலும் மீன் விடயத்தில் அதே சட்டம்தான். பதனிடும் நிலையத்தில் ஒரு நாள். சரக்குக் களஞ்சியத்தில் பல மணி முன்னதாக ஒப்படைக்க வேண்டும். நடு நிலையத்தில் விமானம் மாறும் வரை காத்திருப்பு. ஒஸ்லோவில் எல்லைப் பரிசோதனை. எங்கள் மதிப்பில் நிற்கும் நேரம் முப்பத்தாறு மணிக்குக் குறையவில்லை. ஓடும் நேரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு!

தம்பி திரையில் அமைதியாகிவிட்டார். "அப்ப கொப்பன்ஹேகன், மாமா?" என்றார்.

அங்கேதான் இன்னொரு கதவு இருக்கிறது. நோர்வே ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க எல்லைக்கு வெளியே. டென்மார்க் உள்ளே. ஒஸ்லோவில் தீர்வை கட்டி இறக்கிய சரக்கை மீண்டும் கொப்பன்ஹேகனுக்கு அனுப்பினால் இரண்டாவது சுங்கம், இரண்டாவது பத்திரம், இரண்டாவது காத்திருப்பு. எழுபது நிமிட வானத்தில் அது ஒரு சுவர். ஆனால் சரக்கை நேரே கொப்பன்ஹேகனில் இறக்கினால் கதை வேறு. 2000 ஜூலையில் திறந்த ஒரேசுண்ட் பாலத்தில் ஏறினால் சுவீடனின் மல்மோ. இரண்டு நாடும் ஒன்றியத்துக்குள். இடையில் கடல் இருக்கிறது, சுங்கம் இல்லை. கிண்ணியாவுக்குப் பாலம் செய்த வேலையை அங்கே பாலமும் சட்டமும் சேர்ந்து செய்கின்றன.

ஆகவே "ஒஸ்லோவும் கொப்பன்ஹேகனும்" என்பது வரைபடத்தில் நல்ல சோடி. வியாபாரத்தில் "கொப்பன்ஹேகனும் மல்மோவும்"தான் சோடி. ஒஸ்லோ தனிக் கடை.

சட்டம் தூரத்தை எப்படி நீட்டும் என்பதற்கு நம் நாட்டிலேயே பாடம் உண்டு. சட்டவிரோத மீன்பிடியைத் தடுக்கப் போதிய நடவடிக்கை இல்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரியில் இலங்கை மீனுக்குத் தடை போட்டது. 2016 இல்தான் நீக்கியது. அந்த ஒன்றரை வருடமும் கொழும்பிலிருந்து இலண்டனுக்கு நேர் விமானம் அதே பதினொரு மணி நேரம்தான் பறந்தது. நம் மீனுக்கு மட்டும் ஐரோப்பா எட்டாத தூரமாக இருந்தது.

நாம் செய்ய வேண்டியது

வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ பொருள் அனுப்ப நினைக்கும் வர்த்தக நண்பர்களுக்கு என் அனுபவத்தில் நாலு வார்த்தை.

ஒன்று, கிலோமீற்றரைக் கேட்காதீர்கள், மணியைக் கேளுங்கள். அதிலும் ஓடும் மணியையும் நிற்கும் மணியையும் தனித்தனியாக எழுதுங்கள். நிற்கும் நிரலில் எந்த வரி நீளமோ அதைக் குறைக்கத்தான் முதல் காசைச் செலவழிக்க வேண்டும். வேகமான லொறி வாங்குவது கடைசி வேலை.

இரண்டு, போய்ச் சேரும் நேரத்தை அந்த ஊர்ச் சந்தை நேரத்தோடு சேர்த்துப் பாருங்கள். மூடிய சந்தைக்கு ஒரு மணி நேரம் முந்திப் போவதும் பிந்திப் போவதும் ஒன்றல்ல. டிக்கட்டிலும் சரக்குப் பத்திரத்திலும் இருப்பது அந்தந்த ஊர் நேரம் என்பதையும் மறக்க வேண்டாம். ஹெல்சிங்கியில் காலை ஏழு மணிக்கு ஏறினால் ஸ்டொக்ஹோமில் ஏழு மணியளவிலேயே இறங்கலாம். பயணம் ஒரு மணி நேரம். கடிகாரமும் ஒரு மணி பின்னால். இதைத் தெரியாமல் வாகனத்துக்குச் சொல்லி வைத்தால் சரக்கு வெயிலில் நிற்கும், அல்லது வாகனம் சும்மா நிற்கும்.

மூன்று, ஐஸுக்கும் கூலி உண்டு. நம் வெப்பத்தில் நீண்ட பயணத்துக்கு மீனின் எடைக்குச் சம எடை ஐஸ் போடுவது வழக்கம். லொறியில் அது பெரிய செலவில்லை. விமானத்தில் ஒவ்வொரு கிலோவுக்கும் காசு. கரைந்த நீர் ஒழுகினால் ஏற்றவும் மாட்டார்கள். பெட்டியும் குளிர்ப் பொதியும் என்ன விலை என்று பார்க்காமல் மீன் விலையை மட்டும் பார்த்து இறங்க வேண்டாம்.

நாலு, பொறுப்பு எந்த இடத்தில், எந்த நிமிடத்தில் கை மாறுகிறது என்பதை எழுதுங்கள். சிநேகிதர் என்றால் கட்டாயம் எழுதுங்கள். எழுதாமல் விட்டதற்கு நான் கொடுத்தது காசு மட்டுமல்ல, இரண்டு வருடச் சலாமும் சிரிப்பும்.

தம்பிக்கு நாங்கள் கடைசியாகச் சொன்னது இதுதான். அங்கீகாரம் உள்ள ஏற்றுமதியாளர் ஒருவரோடு சேர்ந்து சிறிய அளவில் ஒருமுறை அனுப்பிப் பார்ப்போம். முதலில் ஒஸ்லோ மட்டும். ஒவ்வொரு இடத்திலும் எத்தனை மணி நின்றது என்று எழுதி வைப்போம். கொப்பன்ஹேகனைப் பிறகு பார்க்கலாம். சல்லிக் கரையில் லொறியில் ஏறும் நிமிடத்தில் சம்மாட்டியாரின் பொறுப்பு முடியும் என்று முதல் வரியிலேயே எழுதியாயிற்று. அந்த வரியை நான்தான் எழுதினேன்.

எல்லாம் பேசி முடிந்து தொலைபேசியை வைத்த பிறகு சம்மாட்டியார் அந்தக் கொப்பித் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு நிற்கும் நிரலின் முதல் வரியில் விரலை வைத்தார்.

"நானா, அந்த ஊர்க் கணக்கெல்லாம் சரி. முதல்ல இந்த ஐஸ் எனக்கு நேரத்துக்கு வரட்டும். மற்றதை மகன் பாப்பான்."

நான் மூன்று மணி நேரம் விளக்கியதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார். எல்லாத் தூரமும் நம் கரையில்தான் தொடங்குகிறது. அங்கே நிற்கும் நேரத்தைக் குறைத்தவருக்கு ஒஸ்லோ எட்டும் தூரம்தான். முதல் சரக்கு போய்ச் சேர்ந்ததும் கணக்கை இந்தப் பத்தியிலேயே எழுதுகிறேன், இன்ஷா அல்லாஹ். இலாபமானாலும் சரி, நஷ்டமானாலும் சரி.